சின்னஞ்சிறு எதிரி – 12: சோனிப்பட்டில் பறக்காத கொசுக்கள்

சென்ற வாரம் ரங்கூனுக்குப் பக்கத்தில், ஓக்போ என்ற சிற்றூரில் நின்றிருந்தோம்.

1967. ஜெர்மானிய விஞ்ஞானி லாவென், ஆய்வகத்தில் வளர்த்த ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை அந்த ஊரில் நாள்தோறும் திறந்துவிட்டார். ஊர்ப் பெண் கொசுக்கள் அவற்றோடு கூடின. முட்டையும் இட்டன. ஆனால் முட்டைகள் பொரியவில்லை. சில மாதங்களில் அந்த ஊரின் முட்டைகள் எல்லாமே சொத்தை. மருந்து அடிக்காமல், குளம் குட்டையை மூடாமல் கிடைத்த வெற்றி அது.

ஏன் பொரியவில்லை என்று லாவெனுக்கே தெரியாது. தாய்வழியாக வருகிற ஏதோ ஒன்று என்பதோடு அவர் நின்றுவிட்டார். பாஸ்டனில் ஹெர்டிக்கும் வோல்பாக்கும் 1924-ல் கொசுவின் சினைப்பையில் பார்த்த பாக்டீரியாவை, 1936-ல் ஹெர்டிக் ‘வொல்பாக்கியா’ என்று பெயரிட்ட அந்த உயிரை, யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 1971-ல்தான் கலிஃபோர்னியாவில் யென், பார் என்ற இருவர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள். முட்டையைச் சொத்தையாக்கியது அந்த பாக்டீரியாதான்.

இந்த வாரம் கதை நம்மூருக்கு வருகிறது. பாலாற்றங்கரைக்கு.

* * *

1955. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு.

வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து காய்ச்சலும் வலிப்புமாகக் குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். சிலர் நினைவு திரும்பாமலே போனார்கள். மருத்துவர்கள் வெப், ஷீலா பெரைரா இருவரும் அந்தக் குழந்தைகளின் நோய்க்குறிகளைத் தொகுத்துப் பார்த்து, இது பூச்சி கடித்துப் பரவும் வைரஸின் வேலை என்று எழுதினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்திய நோயாளிகளிடம் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இங்கேதான்.

ஒரு வைரஸைத் தேடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவையும் அகப்படும். 1960-களில் வேலூரில் ஒரு சிறு குழு அந்தத் தேடலில் இறங்கியது. டொனால்ட் கேரி, ரூத் மையர்ஸ், பூச்சியியலாளர் ரேச்சல் ரூபன். நோயாளியின் ரத்தம் மட்டும் போதாது, கொசுவும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வீடுகளில் பிடித்த கொசுக்களை இனம் பிரித்து, அரைத்து, அந்தச் சாற்றை அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்திப் பார்ப்பது அந்தக் காலத்து முறை. குட்டி நோயில் விழுந்தால் கொசுவுக்குள் வைரஸ் இருந்தது என்று பொருள்.

மாவட்டம் முழுக்கக் கொசுக்களின் பருவம், பழக்கம், பெருக்கம் எல்லாவற்றையும் ரேச்சல் ரூபன் குறித்துவைத்தார். வட ஆற்காட்டின் கொசுக்களைப் பற்றி அவர் 1971-ல் வெளியிட்ட கட்டுரை வரிசையைப் படித்தால், நெல் வயலும் மாட்டுத் தொழுவமும் இருக்கிற ஒரு மாவட்டத்தைக் கொசுவின் கண்ணால் பார்த்ததுபோல் இருக்கும்.

விளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன.

1964-ல், வெளியில் பிடித்த கொசுக்களில் டெங்கு முதல் வகையும் நான்காம் வகையும் இருந்ததாக அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை. அதே ஆண்டு தென்னிந்தியாவை மூட்டுவலிக் காய்ச்சல் ஒன்று போட்டு எடுத்தது. டெங்கு என்றே பலரும் நினைத்தார்கள். ரத்தத்திலும் கொசுவிலும் கிடைத்தது சிக்குன்குனியா. (கேரிக்கு இந்தக் குழப்பம் மனதை விட்டுப் போகவில்லை போலும். பழைய ஏடுகளைப் புரட்டி, 1779-ல் பதேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) வந்த புகழ்பெற்ற காய்ச்சல்கூட டெங்கு அல்ல, சிக்குன்குனியாவாக இருக்கலாம் என்று 1971-ல் ஒரு வரலாற்றுக் கட்டுரையே எழுதினார். படிக்க வேண்டிய கட்டுரை.)

1966-ல் வேலூரில் டெங்கு மூன்றாம் வகை பரவியது.

1968-ல் மீண்டும் டெங்கு. இந்த முறை கிடைத்த முடிவுதான் நம் கதையைத் திருப்புகிறது. நான்கு வகைகளும், மனிதர்களிடமும் கொசுக்களிடமும், ஒரே ஊரில், ஒரே பரவலில்.

* * *

நான்கு என்றால் என்ன அவ்வளவு பெரிய விஷயம்?

ஒரு வகை டெங்கு வந்து போனால் அந்த வகைக்கு எதிரான காப்பு உடம்பில் நெடுங்காலம் நிற்கும். மற்ற மூன்றுக்கு எதிராக அது நிலைக்காது. அதைவிட மோசம், இரண்டாவது முறை வேறு வகை தாக்கும்போது முதல் காப்பே சில சமயம் வைரஸுக்கு உதவியாகிவிடும். ரத்தக்கசிவும் அதிர்ச்சி நிலையும் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. ஆகவே ஒரு வகைக்கு மட்டும் தடுப்பூசி போடுவது ஆபத்து. நான்குக்கும் சமமாகப் போட வேண்டும். அதனால்தான் டெங்கு தடுப்பூசி இத்தனை ஆண்டுகள் இழுத்தடித்தது.

அப்படியானால் மிச்சம் இருப்பது கொசு. நான்குக்கும் முக்கிய வண்டி ஒன்றுதான்: ஏடிஸ் எஜிப்டி.

வேலூர்ப் பக்கம் அந்த வண்டிக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்து ஒரு பட்டியல் சொல்வார்கள். அதில் முதலாவதுதான் ஏடிஸுக்குச் சோறு போடுகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லாததால் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இந்தக் கதை இன்னொரு மடங்கு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய் குரோம் வந்தது. கழிவு பாலாற்று மணலில் இறங்கியது. பல இடங்களில் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உப்பானது. குழாயில் வரும் நாளைப் பார்த்துக் காத்திருந்து டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் குடத்திலும் நிரப்பி வைக்காத வீடு எது?

தோல் கழிவு ஓடும் சாக்கடையில் ஏடிஸ் முட்டையிடாது. அதற்கு வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர். தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி நிரப்பியதும் பொரிக்கும். இந்த ஒரு குணத்தால்தான் புகை அடித்தும் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றியும் அது ஒழியவில்லை.

கெட்ட தண்ணீரிலிருந்து தப்பிக்கச் செய்த ஏற்பாடே கெட்ட கொசுவுக்கு வீடானது.

* * *

1970-ஆம் ஆண்டுவாக்கில் டெல்லியில் ஒரு புதிய ஆய்வுப் பிரிவு வேலை தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு. பணம் அமெரிக்காவுடையது, பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமையை விற்றுச் சேர்ந்த ரூபாய்.

ஓக்போவில் லாவென் செய்ததைப் பெரிய அளவில் செய்வது நோக்கங்களில் ஒன்று. டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் கியூலெக்ஸ் கொசுக்களோடு சோதனைகள் நடந்தன. வொல்பாக்கியாவால் முட்டை சொத்தையாகும் பொருத்தமின்மையையும் குரோமோசோம் மாற்றத்தையும் ஒரே ஆண் கொசுவில் சேர்த்து ‘ஐ.எஸ். 31பி’ என்ற இனத்தையே உருவாக்கினார்கள். அந்த வகையில் உலகத்திலேயே முன்னணியில் இருந்த கூடம் அது.

வேலூரில் கொசு எண்ணிய ரேச்சல் ரூபனும் இப்போது அங்கே இருந்தார். அவர் கையில் வந்தது ஏடிஸ் எஜிப்டி. ஊர், அரியானாவின் சோனிப்பட்.

ஏடிஸ் எஜிப்டிக்கு ஒரு விசித்திரம் உண்டு. கியூலெக்ஸ் கொசுவிடம் வொல்பாக்கியா இருக்கிறது. ஏடிஸ் ஆல்போபிக்டஸ் என்ற தோட்டத்துக் கொசுவிடமும் இருக்கிறது. வீட்டுக்குள் வாழ்ந்து டெங்கு பரப்பும் எஜிப்டியிடம் மட்டும் இயற்கையில் இல்லை. ஆகவே சோனிப்பட்டுக்கு வேறு வழி: ஆய்வகத்தில் மலடாக்கிய ஆண் கொசுக்களைக் கூட்டம் கூட்டமாக விடுவது. ஆண் கொசு கடிக்காது. ஊரின் தொட்டிகள், கொசுவின் அடர்த்தி, அது பறக்கும் தூரம் எல்லாம் அளந்தாயிற்று. 1975-ன் தொடக்கத்தில் விட வேண்டியது.

விடவில்லை.

* * *

நடந்தது இதுதான்.

1974-ல் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் ஒரு கேள்வியைக் கிளப்பியது. நாட்டில் மலேரியா திரும்பி வந்துகொண்டிருக்கிறது. (1976-ல் நோயாளிகள் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது.) மலேரியாக் கொசுவை விட்டுவிட்டு ஏடிஸ் எஜிப்டியை ஏன் ஆராய்கிறார்கள்? ஏடிஸ், மஞ்சள் காய்ச்சலைச் சுமக்கும் கொசு. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்ததே இல்லை. கொசு எவ்வளவு தூரம் பறக்கும், எத்தனை நாள் வாழும் என்ற தகவல்கள் யாருக்கு வேண்டும்? இந்தியர்களுக்கா, பணம் கொடுத்தவர்களுக்கா?

அதோடு இன்னொன்று. சில கொசுக்களை மலடாக்க தயோடெபா என்ற புற்றுநோய் மருந்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் எச்சம் கிராமத்துக் கிணற்றில் கலந்தால்?

விவகாரம் நாடாளுமன்றத்துக்குப் போனது. பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த வேறு ஆய்வுகளும் அதே கூண்டில் ஏறின. பறவைகளின் இடப்பெயர்ச்சியைப் பற்றிய ஒன்றுக்கு அமெரிக்க ராணுவமே பணம் தந்திருந்தது. 1975-ல் குழுவின் அறிக்கை கடுமையாக வந்தது. சோனிப்பட் திட்டம் நின்றது. அந்த ஆண்டின் நடுவிலேயே பிரிவை மூடிவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்களைக் கோமாளிகளாகச் சித்திரிப்பது விஞ்ஞானிகள் வட்டத்தில் இன்றும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1950-களில் அமெரிக்க ராணுவம் தன் மண்ணிலேயே, ஜார்ஜியாவில், ஏடிஸ் கொசுக்களைத் திறந்துவிட்டு அவற்றை ஆயுதமாக்க முடியுமா என்று பார்த்தது பின்னாளில் ஆவணங்களோடு வெளிவந்தது. கொசுவை ஆயுதமாக்கப் பார்க்கிறார்களோ என்ற சந்தேகம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. அதே சமயம், டெல்லிப் பிரிவு ஆயுதம் செய்துகொண்டிருக்கவில்லை என்பதும் உண்மை.

தவறு எங்கே நடந்தது? கேட்டபோது பதில் சொல்லவில்லை. தகவல்களைத் தாமாக வெளியிடவில்லை. ஜெனீவாவில் இருந்த உலக சுகாதார நிறுவனம் மெதுவாக அசைந்தது. ‘நேச்சர்’ இதழ் அப்போது எழுதிய தலையங்கத்தில் டெல்லிக்கும் ஜெனீவாவுக்கும் சேர்த்தே குட்டு விழுந்தது. எல்லாவற்றையும் விட, சோனிப்பட் மக்களை யாரும் இந்த விவாதத்தின் நடுவில் வைக்கவில்லை. கொசு பறக்கப் போவது அவர்கள் வீட்டில்.

ரேச்சல் ரூபன் பிறகு மதுரைக்கு வந்து, மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தை நடத்தினார். நெல் வயலில் தண்ணீரை விட்டு விட்டுப் பாய்ச்சினால் மூளைக்காய்ச்சல் கொசு குறையுமா என்ற ஆராய்ச்சியில் அவர் பெயரைப் பார்க்கலாம். வேலூரில் தொடங்கிய கேள்விக்கு மதுரை வயலில் அவர் தேடிய பதில் அது.

* * *

இங்கே கதையை முப்பது ஆண்டுகள் முன்னால் தள்ளுகிறேன். டெல்லியில் எல்லோர் கையிலும் இருந்த வொல்பாக்கியாவிடம், யாரும் சோதித்துப் பார்க்காத இன்னொரு குணம் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓ'நீல் அதைத் தேடிப் போகவில்லை. அவர் தேடியது கொசுவின் ஆயுளைக் குறைக்கும் வழி. கொசு குடித்த ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸ் குடலில் புகுந்து, பெருகி, எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதற்குள் கொசு செத்துவிட்டால் நோய் பரவாது. பழ ஈயிடம் உள்ள ஒருவகை வொல்பாக்கியா ஈயின் ஆயுளைப் பாதியாக்குவது 1997-லேயே தெரிந்திருந்தது. அதை எஜிப்டிக்குள் புகுத்தினால்?

முட்டைக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். கொசு முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான முட்டைகள். 2009 ஜனவரியில் வெற்றி அறிவிப்பு வந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் இன்னொரு கட்டுரை. வொல்பாக்கியா ஏற்றிய கொசுக்களுக்கு டெங்கு கலந்த ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். கொசு சீக்கிரம் செத்தது இருக்கட்டும். உயிரோடு இருந்த கொசுவிலும் வைரஸ் பெருகவே முடியவில்லை. சிக்குன்குனியாவுக்கும் அதே கதி. பழ ஈயில் இந்தத் தடுப்பை 2008-லேயே இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டிருந்தன. இப்போது அது டெங்குக் கொசுவிலும் உறுதியானது.

எப்படித் தடுக்கிறது? வைரஸுக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு, சவ்வு, புரதம் செய்யும் ஏற்பாடு எல்லாம் அதற்குக் கடன் வேண்டும். வொல்பாக்கியாவும் அதே செல்லுக்குள், அதே கொலஸ்ட்ராலைத் தின்று வாழ்கிறது. முன்பே குடிவந்தவர் அடுக்களையைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வந்தவர் எங்கே சமைப்பார்? அதோடு, அந்த பாக்டீரியா இருப்பதாலேயே கொசுவின் எதிர்ப்புச் சக்தி எப்போதும் விழித்திருக்கிறது. இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முடிவில் சந்தேகமில்லை: எச்சிலுக்கு வைரஸ் வந்து சேர்வது வெகுவாகக் குறைகிறது.

லாவெனின் பழைய சூத்திரம் இங்கே தலைகீழாக உதவுகிறது. வொல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை சொத்தை. வொல்பாக்கியா உள்ள பெண்ணோ எந்த ஆணோடு கூடினாலும் குஞ்சு பொரிக்கும், அத்தனை குஞ்சுக்கும் பாக்டீரியாவைக் கொடுக்கும். ஆக, ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால் சில தலைமுறைகளில் ஊர்க் கொசுவெல்லாம் வொல்பாக்கியாக் கொசு. கொசு ஒழியாது, அதன் நோய் சுமக்கும் வேலைதான் போகும்.

ஆயுளைப் பாதியாக்கிய வகை வெளியில் நிலைக்கவில்லை, கொசுவையே மிகவும் நலிவாக்கியது. பழ ஈயிலிருந்தே எடுத்த சாதுவான ‘டபிள்யூ மெல்’ வகை நிலைத்தது. 2011 ஜனவரியில் கெய்ன்ஸ் நகரை ஒட்டிய இரண்டு ஊர்களில் விட்டார்கள். அதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தார்கள். ஆபத்து என்ன என்று வேறொரு அரசு நிறுவனத்தை விட்டு மதிப்பிடச் செய்து வெளியிட்டிருந்தார்கள். சோனிப்பட்டில் செய்யாத வேலை அது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையின் முடிவு 2021-ல் வெளிவந்தது: டெங்கு 77 சதவீதம் குறைவு.

* * *

இந்தியாவுக்கு அது வந்த வழி புதுச்சேரி. அங்குள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 2017-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்தது. முட்டைகள் வந்தன. உள்ளூர் எஜிப்டியோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, புதுச்சேரிக் கொசுவாகவே மாற்றினார்கள். 2022-ல் இரண்டு இனங்கள் தயார் என்று அறிவித்தார்கள். ஒன்றில் டபிள்யூ மெல், மற்றதில் ஆசியத் தோட்டத்துக் கொசுவிலிருந்து வந்த ‘டபிள்யூ ஆல்ப் பி’. வெளியில் விட அரசின் அனுமதி வேண்டும்.

எந்த இனத்தை விடுவது என்பதில்தான் வேலூர் மறுபடி உள்ளே வருகிறது. டபிள்யூ மெல் வெயிலுக்கு ஆகாதது. புழு வளரும் தண்ணீர் 37 டிகிரி அளவுக்குச் சூடேறி இறங்கினாலே பாக்டீரியா குறைந்துபோகும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊரில், மொட்டை மாடியில் தகரக் கூரையோரம் கிடக்கும் டிரம் தண்ணீர் என்ன சூடு இருக்கும்? டபிள்யூ ஆல்ப் பி வெயிலை நன்றாகத் தாங்கும். கோலாலம்பூரில் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வெப்பமும் ஒரு காரணம்.

இன்னொரு முடிச்சும் இதே ஆற்றங்கரையில் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவைப் பற்றி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். கேடு வருமா என்று அறிவியல் உறுதியாகச் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது, முன்னெச்சரிக்கை வேண்டும். தன் செயல் கேடற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு செய்கிறவருடையது. இந்தியச் சட்டத்தில் இந்தக் கொள்கைகள் ஊன்றியது ஆம்பூர், வாணியம்பாடிக் கிணறுகளின் பெயரால்.

வொல்பாக்கியாக் கொசுவை ஊரில் ஒருமுறை வேரூன்ற விட்டால் எளிதில் திரும்ப அழைக்க முடியாது. அதன் பலமே அதுதான். இதுவரை விட்ட நாடுகளில் கேடு தென்படவில்லை என்பதால் விடலாம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வாதத்தை என்னிடம் சொல்லிப் பயனில்லை. தொட்டி வைத்திருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் புதுச்சேரி ஆய்வகத்துக்குள் போவோம். அதற்கு முன் ஒரு கேள்வி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொசுப் புழுவைத் தேடி வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கும் மஸ்தூர் பணியாளர் ஒருநாள் கையில் கொசு முட்டையோடு வந்து நின்றால், “ஒழிக்கச் சொன்ன நீங்களே விடச் சொல்கிறீர்களா?” என்று ஆம்பூர்த் தெருவில் ஒரு பெண் கேட்டால், 1975-ல் யாரும் சொல்லாத பதிலை இந்த முறை சொல்லப் போவது யார்?

(தொடரும்)